எடுக்காத ஃபோன்

எல்சிக்கு இரண்டு குரல்கள். ஃபோனை எடுத்தால் "வணக்கம் சார், சொல்லுங்க சார்" என்று தேன் ஒழுகும். வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினால் ராயபுரத்துப் பேச்சு முழுசாக வெளியே வரும். எதிர் மேஜையில் பில் போடுகிற எனக்குப் பத்தொன்பது வருடமாக இரண்டுமே பழக்கம்.

திருவொற்றியூரிலிருந்து துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப்போகிற டிரெய்லர் கம்பெனி எங்களுடையது. முதலாளி சங்கரநாராயணன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. சுவரில் மாட்டிய இன்டர்காம் பெட்டிக்கு மூன்று லைன் வரும், அங்கிருந்து பன்னிரண்டு மேஜைக்குப் பிரியும். வருகிற ஃபோனை எடுத்து யாருக்குப் போகவேண்டுமோ அவருக்கு மாற்றிவிடுவதுதான் எல்சியின் வேலை. அவள் கணவர் அம்புரோஸ் ஹார்பரில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து வீடு ஓடுவது இந்த ஒரு சம்பளத்தில்.

போன மாதம் அண்ணாச்சி ஒரு நாள், "கம்ப்யூட்டரே ஃபோன் பேசுதாம்லா, போட்டுப் பாப்போம்" என்றார். சரியாக வந்துவிட்டால் ஃபோன் எடுக்க ஆள் வேண்டாம் என்று அவர் என்னிடம் சொன்னதை நான் எல்சியிடம் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் டிபன் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பிப் போனது. அடுத்து பில் போடுகிற மிஷின் வரும் என்று எனக்கும் உதறல்தான், அது வேறு கதை.

மெஹ்னாஸ் என்ற பெண் லேப்டாப்போடு வந்து இறங்கினாள். நல்ல பெண், அக்கா அக்கா என்றுதான் பேசுவாள். யார் யார் கூப்பிடுவார்கள், என்ன கேட்பார்கள், எந்த மேஜைக்கு மாற்றவேண்டும், எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னாள். எல்சி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். "என் தலைல நானே மண்ண வாரிப் போட்டுக்கினு கீறேன்" என்று ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் என்னிடம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெஹ்னாஸ் இன்டர்காம் பெட்டியோடு மிஷினை இணைத்தாள். இனி எந்த ஃபோன் வந்தாலும் முதல் ரிங்கிலேயே அது எடுத்துவிடும், முடியாததை மட்டும் மேஜைக்கு மாற்றும். முதல் ஃபோன் ஒரு இரும்புக் கடைக்காரர், சாத்தாங்காட்டிலிருந்து. மிஷின் அவரிடம் கனிவாகப் பேசி, வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவைத்தது. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். எல்சி சும்மா உட்கார்ந்து கைவிரலில் சொடுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள்.

பத்தரை மணிக்கு ஃப்ரெடி உள்ளே வந்தான். துறைமுக கேட்டில் வரிசையில் நிற்கிற வண்டிகளுக்கு, உள்ளே விடுவதற்கான கேட் பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். "இன்னாக்கா, ஒரு வண்டி கூட இன்னும் கேட்டாண்ட வர்லியா? குந்திகினே கீறேன்" என்றான்.

எல்சியின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

எங்கள் டிரைவர்கள் ஆபீசுக்கு ஃபோன் பேசமாட்டார்கள். முத்திரை விழுந்த பேப்பர் கடைசி நேரத்தில்தான் கைக்கு வரும் என்பதால் அதை வண்டியில் கொடுத்தனுப்ப முடியாது. கேட்டுக்குப் போக முன்னால் இன்னும் பத்து வண்டி இருக்கும்போது டிரைவர் இரண்டு ரிங் விட்டுக் கட் செய்வான். எல்சி எடுக்காமல் நம்பரைப் பார்த்து ஃப்ரெடியைக் கிளப்புவாள். அந்தக் காலத்தில் காசு மிச்சம் பிடிக்கத் தொடங்கிய வழக்கம். இப்போது எல்லாரிடமும் அன்லிமிடெட் பேக் இருந்தும் விடவில்லை, ஃபோனில் பேசிக்கொண்டிருந்தால் அந்த இடைவெளியில் இன்னொருவன் வண்டியைச் செருகிவிடுவான். நான்கு பக்கத்திலும் எல்சி இதை எழுதவில்லை. எடுக்காத ஃபோனையும் ஒரு ஃபோன் என்று யார் நினைப்பார்கள்?

"பதினேழு கால்ல பேசாமலே வச்சிட்டாங்க. ராங் நம்பர் போல" என்றாள் மெஹ்னாஸ், லேப்டாப்பைப் பார்த்தபடி. "ஒரே நம்பர் ஒம்போது தடவ வந்திருக்கு."

எல்சி எட்டிப் பார்த்தாள். கஸ்பாரின் நம்பர். அவன் வண்டியில் இறால் கன்டெய்னர். ஒரு மணிக்கு அந்தக் கப்பலுக்கு கேட் மூடிவிடும்.

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். வந்து உட்கார்ந்தாள். மறுபடி போய்க் குடித்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், மத்தியானத்துக்குள் அண்ணாச்சியே அந்த மிஷினைப் பிடுங்கி வீசியிருப்பார். சும்மா இருடி என்று நானே மனசுக்குள் கெஞ்சினேன். அவள் நாற்காலியை மெஹ்னாஸ் பக்கம் திருப்பினாள். முகத்தில் அப்பட்டமான பயம்.

"மெஹ்னாஸு, அது ராங் நம்பர் இல்லம்மா" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். மெஹ்னாஸ் கேட்டுக்கொண்டே தட்டினாள். "நீங்க பாத்துட்டீங்கன்னு அவங்களுக்கு எப்டிக்கா தெரியும்?"

"நான் திருப்பி ஒரு ரிங் வுட்டு கட் பண்ணுவேன்."

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இனி டிரைவர்கள் நம்பரை மிஷின் எடுக்காது. இரண்டு ரிங்கில் நின்றால் ஃப்ரெடியின் ஃபோனுக்குச் செய்தி போகும், டிரைவருக்கு ஒரு ரிங் திரும்பிப் போகும். மூன்றைத் தாண்டி அடித்தால் மட்டும் எல்சியின் மேஜைக்கு வரும்.

பதினொன்றேகாலுக்கு கஸ்பார் பத்தாவது தடவையாக முயன்றான். ஃப்ரெடியின் ஃபோன் சிணுங்கியது. அவன் பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடினான். "இது எனக்கே தெரியாதுல்லா!" என்று அண்ணாச்சி தொடையில் தட்டிச் சிரித்தார்.

உடனே எல்சியின் மேஜை ஃபோன் விடாமல் அடித்தது. கஸ்பார்தான். ஸ்பீக்கரில் போடச் சொன்னார் அண்ணாச்சி.

"யக்கா, காலைலேந்து யாரோ ஒரு பொண்ணு எடுத்துப் பேசுது, ஒரே பேஜாரு. வண்டிய ஓரங்கட்டிகினு நிக்கிறேன். இப்ப ஒரு ரிங் வந்துச்சு. அது நீயா? நீதான்னா வண்டிய உள்ள வுடுவேன். பேப்பரு இல்லாம கேட்டுல போயி நின்னா கடைசிக்குத் தள்ளிருவான்க்கா."

மூன்று பேரும் அவளையே பார்த்தோம். மிஷின்டா என்று சொன்னால் அவன் நகரமாட்டான். அவன் சொன்னால் மற்றவர்களும் நம்பமாட்டார்கள். ஒரு வார்த்தை போதும், அவள் நாற்காலி அவளுக்கே.

"நான்தான்டா கஸ்பாரு" என்றாள் எல்சி. "ஃப்ரெடி வந்துகினு கீறான். நீ வுடு."

பன்னிரண்டே முக்காலுக்கு வண்டி உள்ளே போனது. அண்ணாச்சி மெஹ்னாஸிடம், "இப்படியே இருக்கட்டும்மா. அந்த மூணு ரிங் சங்கதிய மட்டும் ஒண்ணாந்தேதிலேருந்து பில் மேஜைக்குத் திருப்பிரு" என்றார். பிறகு எல்சி பக்கம் பார்க்காமலே தன் அறைக்குள் போய்விட்டார்.

பில் மேஜை என்னுடையது; எல்சியின் மேஜைக்கு இனி ஃபோனே வராது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "மிஷினுன்னு சொல்லியிருக்கலாமில்ல?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சொல்லிட்டு? அவன் ரோட்ல நிப்பான், இறால் நாறும்" என்றாள் எல்சி. அப்புறம் ராயபுரமும் இல்லை, தேனும் இல்லை, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் கேட்டாள்: "வூட்ல அம்புரோஸ் கேப்பாரு. அவராண்ட நான் இன்னான்னு சொல்றது?"