தோலோக்கும் சதாயும் அண்ணன் தம்பியாம்

கொச்கோர் என்ற மலையூரில் கெனெஷ்பெக்கைப் பிடிக்கும் என்று சொல்பவர் யாரும் இல்லை. மதிப்பவர்கள் உண்டு, அதுவும் தூரத்திலிருந்து. பால் கொள்முதல் நிலையத்தில் பாலைச் சோதித்து வாங்குவது அவர் வேலை. கேனை இறக்கி வைத்துவிட்டு, "சொட்டுத் தண்ணி கலக்கல, சத்தியமா" என்று யார் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுப் பால்மானியைப் போட்டுவிடுவார். இதில் பகை ஒன்றும் கிடையாது. மனிதருக்கு நம்பத் தெரியாது, அவ்வளவுதான்.

இப்பேர்ப்பட்ட ஆள் கையில் ஒரு விக்கி கிடைத்தால் என்ன ஆகும்? வட்டாரத்துக்காரர்கள் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஒன்றை இணையத்தில் தொடங்கினார்கள். சுனைகள், மேய்ச்சல் மலைகள், வம்சாவளிகள் என்று ஆளாளுக்கு அளந்துவிட்டார்கள். கெனெஷ்பெக் ஒரு வரி எழுதவில்லை. மாலையில் சோபாவில் சாய்ந்துகொண்டு பிறர் எழுதியதைப் படித்து, சந்தேகமான வாக்கியங்களின் வாலில் "சான்று தேவை" என்று ஒரு குறிப்பை ஒட்டினார். அழிக்கமாட்டார், திட்டமாட்டார், ஒட்டுவதோடு சரி. வயிற்றுவலியைத் தீர்க்கும் சுனைக்கு ஒன்று, ஓநாயோடு மல்லுக்கு நின்ற வீரனுக்கு ஒன்று.

ரொட்டிக் கடைக்காரர் ஒருநாள் சந்தையில் வழிமறித்தார்.

"எங்க தாத்தா குதிரையைத் தோள்ல தூக்கினார்னு எழுதினா உனக்கு எங்கய்யா வலிக்குது?"

"தூக்கினவர் உங்க தாத்தா, எனக்கு ஏன் வலிக்கப் போகுது? யார் பார்த்தாங்கன்னுதான் கேக்குறேன்."

"குதிரை பார்த்துது."

"அதை எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டிலும் இதே சட்டம்தான். மனைவி சாய்ராகுல் எப்போதோ பழகிவிட்டாள். ஒரே மகள் ஜிபார்தான் பழகவில்லை. டீச்சர் பாராட்டினார் என்று ஓடி வந்தால், "யார் முன்னாடி?" என்பார். காய்ச்சல் அடிக்கிறது என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் தெர்மாமீட்டரைத் தேடுவார். ஒரு கட்டத்துக்கு மேல் அப்பாவிடம் எதையும் சொல்வதையே அவள் விட்டுவிட்டாள். அது அவருக்குத் தெரியவில்லை.

அந்த ஜிபார் வளர்ந்து, பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்த்து, அதாய் என்கிற பையனைக் கட்டிக்கொள்வேன் என்றாள். பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பெகிமாயின் அண்ணன். நல்ல பையன், நல்ல குடும்பம். கெனெஷ்பெக் விசாரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் விசாரித்துவிட்டுச் சரி என்றார்.

பையனுக்குத் தகப்பன் இல்லை. நிச்சயத்துக்கு அடையாளமாகப் பெண்ணுக்குத் தோடு போட அவனுடைய அம்மாவும் சித்தப்பா தஷ்தன்பெக்கும் வந்தார்கள். ஆடு வெந்துகொண்டிருந்தது. மேசை முழுக்கப் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகள். அந்த அம்மாள் தோட்டுப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். தேநீர் இரண்டு சுற்று வந்ததும் தஷ்தன்பெக் தொண்டையைக் கனைத்தார்.

"சம்பந்தி, முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. ஏழு தலைமுறைத் தகப்பன் பேரைச் சொல்லிடுவோம். ஏழுக்குள்ள ஒரே ரத்தம் வந்தா சம்பந்தம் கிடையாது. நீங்க தொடங்குங்க."

கெனெஷ்பெக் சொன்னார். ஆறாவது தோலோக், ஏழாவது பாயிஷ். தஷ்தன்பெக் தங்கள் பக்கத்தைச் சொல்லிக்கொண்டே போய் ஆறாவதாகச் சதாயில் நிறுத்தினார்.

"ஏழாவது பேரை எங்க வீட்டுல எப்பவோ தொலைச்சுட்டோம். வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா போன மாசம் கிடைச்சிடுச்சு" என்று வாயெல்லாம் பல்லாக, பைக்குள்ளிருந்து தங்க எழுத்துப் போட்ட புத்தகத்தை எடுத்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் எழுதிய வம்சாவளி. அடையாளத்துக்குத் தாள் செருகியிருந்த பக்கத்தைப் பிரித்து, கணீரென்று வாசித்தார். "சதாயும் தோலோக்கும் உடன்பிறந்தவர்கள். பாயிஷின் மக்கள்..."

பாதியில் குரல் இறங்கியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் அண்ணி தோட்டுப் பெட்டியைச் சத்தமில்லாமல் மூடினார்.

"இந்த வரி எனக்குத் தெரியும்" என்றார் கெனெஷ்பெக். "விக்கியில இருக்கு. நான் அதுக்குச் சான்று தேவைன்னு போட்டு வருஷக்கணக்காச்சு."

கைபேசியில் திறந்து பார்த்தார். குறிப்பைக் காணோம். அந்த இடத்தில் சான்றாக இந்தப் புத்தகத்தின் பெயர் இருந்தது. உடனே புத்தகத்தில் போட்டிருந்த எண்ணில் அதை எழுதியவரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அந்த வரியை எங்க இருந்து எடுத்தீங்க?"

"விக்கியிலேர்ந்துதான்."

"சான்று தேவைன்னு அதுல போட்டிருந்துச்சே."

"போட்டிருந்துச்சு. அச்சுல பார்க்க நல்லா இல்ல, எடுத்துட்டேன். புத்தகம் வந்ததும் விக்கியில நானே சான்றையும் சேர்த்துட்டேன். உங்களுக்கு வேலை மிச்சம்."

தஷ்தன்பெக் புத்தகத்தை மூடித் தள்ளி வைத்தார். ஆனால் புத்தகத்தைத் தள்ளி வைத்த மாதிரி மனசிலிருக்கும் சந்தேகத்தைத் தள்ளி வைக்க முடியுமா?

"சரி, புத்தகம் போகட்டும். விக்கியில முதல்ல யாரோ ஒருத்தர் எழுதியிருக்காரே. விஷயம் தெரிஞ்ச ஆளா இருக்கலாமில்ல?"

"இருக்கலாம்" என்றார் கெனெஷ்பெக்.

"இல்லன்னு சொல்லுங்களேன்" என்று சாய்ராகுல் பல்லைக் கடித்தாள்.

"இல்லங்கறதுக்கும் சான்று இல்லையே."

பெற்ற மகளின் கல்யாணம், நடுவீட்டில், இவருடைய நேர்மையில் முட்டி நின்றது. எனக்கே அவர் காதைத் திருகவேண்டும் போலிருக்கிறது. பையனின் அம்மா சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்போது ஜிபார் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"அதை எழுதினது நான்தான்" என்றாள். "ஏழாம் வகுப்புல. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்ல, பேர் போடாம. பெகிமாயும் நானும் அக்கா தங்கச்சியா இருக்கணும்னு ஆசை. அதான் ரெண்டு தாத்தாவையும் அண்ணன் தம்பி ஆக்கிட்டேன்."

"பெகிமாய்க்குத் தெரியுமா?" என்று கேட்டார் தஷ்தன்பெக்.

"அவகிட்டயும் சொல்லல. சிரிப்பான்னு பயம்."

தஷ்தன்பெக் வருத்தத்தோடுதான் சொன்னார். "கோவிச்சுக்காதே மகளே. கல்யாணம் நிக்கப் போற நேரத்துல யாரா இருந்தாலும் இதைத்தான் சொல்லுவாங்க." பிறகு கெனெஷ்பெக் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சம்பந்தி. நீங்க இதை நம்புறீங்களா?"

கெனெஷ்பெக் கைபேசியில் அந்தப் பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறந்தார். முதலில் எழுதியவர் என்ற இடத்தில் பெயர் இல்லை, ஏதோ ஒரு கணினியைக் குறிக்கும் வெறும் எண்கள். அவை பள்ளியின் எண்களா, பன்றிப் பண்ணையின் எண்களா என்று சொல்ல இனி ஆளில்லை. ஜிபார் அவரைப் பார்க்கவேயில்லை. அவர் என்ன சொல்வார் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். மேசையில் சிந்தியிருந்த தேநீரைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள்.

அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"நம்புறேன்."

"அதுல ஏதாவது கிடைச்சுதா?"

"இல்ல."

"வேற எங்கயாவது விசாரிச்சு..."

"வேண்டாம். என் பொண்ணு சொல்றா."

தஷ்தன்பெக் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் போட்டார். பிறகு அண்ணியிடம், "இந்த மனுஷன் ஒருத்தர் பேச்சை அப்படியே ஏத்துக்கிட்டு இன்னிக்குத்தான் பார்க்குறேன். எனக்கு இது போதும். தோட்டைப் போடுங்க" என்றார். அந்த அம்மாள் பெட்டியைத் திறந்து ஜிபாரின் காதில் தோட்டைப் போட்டார்.

ஆடு தின்று, ஆசி சொல்லி, விருந்தாளிகள் கிளம்பினார்கள். ஜிபார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கெனெஷ்பெக் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அந்த வரியை என்னால எடுக்க முடியாது" என்றார். "அச்சிட்ட புத்தகம் இருக்கு. நீ சொன்னது விக்கிக்குச் சான்று ஆகாது. விதி அப்படி."

"தெரியும்ப்பா."

அவர் போகவில்லை. அவள் குழாயை நிறுத்தினாள்.

"நிஜமாவே நம்பினீங்களா, இல்ல அவங்க முன்னாடி சொல்லி வெச்சீங்களா?"

"நம்பினேன்."

"எதை வெச்சு?"

கெனெஷ்பெக் யோசித்தார். உண்மையாகவே தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"எதையும் வெச்சு இல்ல" என்றார். "சும்மாதான்."

ஜிபார் ஈரக்கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.