கிண்ணம் தொடாத ஞாயிறுகள்

கன்னத்தின் உட்புறம் வெள்ளை நூலால் வலை பின்னியதுபோல் இருந்தது. இடையிடையே சிவந்த புண். அம்மா வைக்கும் மீன்குழம்பு பட்டால் கண்ணில் நீர் முட்டும். வெற்றிலை, புகையிலை உண்டா என்று பல் டாக்டர் கேட்டார். இல்லை என்றேன்.

"இது லைக்கன் பிளானஸ். இது உள்ள சிலபேருக்கு ஈரல்ல வைரஸும் இருக்கும். எல்லாருக்கும் இல்ல. ரத்தம் சோதிச்சுப் பாத்திருவோம்."

ஹெபடைட்டிஸ் சி இருந்தது. சின்ன வயதில் ஒரு ஆபரேஷனுக்கு ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கலாம் என்றார்கள்.

வீட்டில் வாய்ப்புண் என்று மட்டும் சொன்னேன். ரப்பர் பால் வெட்டி என்னைக் கல்லூரிக்கு அனுப்பிய அப்பாவிடம் மீதியை எப்படிச் சொல்வது? ரத்தத்தில் வைரஸ் என்றால் ஊர் வேறு நோயை நினைக்கும்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. மண்டியிட்டிருக்கும் வரிசை முழுக்க ஒரே திராட்சரசக் கிண்ணம்தான். போதகர் விளிம்பைத் துணியால் துடைத்து அடுத்த வாய்க்கு நீட்டுவார். கிண்ணத்தால் பரவாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் பல் தேய்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கசிந்தது. எனக்கு அடுத்து மண்டியிடுவது அம்மா. நான் பெஞ்சை விட்டு எழும்பவில்லை.

எழும்பாதவன் ஏதோ பாவம் செய்திருக்கிறான். எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

"ஏலே, யாருலே அவ?" வாசலில் கூட்டாளி ஒருவன் தோளில் தட்டிவிட்டு மற்றவர்களிடம் திரும்பினான். "ஓய்வுநாள் பள்ளியில பாடம் எடுத்தவனாக்கும்! இப்பம் எழும்பமாட்டேங்கான்."

சிரித்தேன். சிரித்தாலும் எரிந்தது.

மாதங்கள் போயின. வாலிபர் கூட்டத்தில் என்னை ஜெபிக்கச் சொல்வது நின்றது. அப்பா என் முகம் பார்த்துப் பேசுவதும் குறைந்தது.

ஒரு திருவிருந்து நாள் காலையில், கோவிலுக்குப் புறப்பட்டு நின்ற அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மக்களே, நீ என்ன செய்தாலும் எனக்க பிள்ளதான். என்கிட்ட சொல்லப்பிடாதா?"

சொன்னேன். வைரஸ், ஈரல், கசியும் ரத்தம், அவள் குடிக்கும் கிண்ணம், எல்லாம்.

"உடம்புக்கு வந்த வெறும் தீனந்தானா?" அம்மா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "நான் என்னெல்லாமோ நெனச்சுட்டேன்."

அவள் முகத்தில் அத்தனை நாளாக இல்லாத நிம்மதி.

அன்று கோவிலில் எங்கள் வரிசை எழும்பியபோது, வா என்பதுபோல் பார்த்தாள். தலையாட்டினேன், வரவில்லை என்று. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நடந்து முன்னால் போனாள். பெஞ்சு முழுவதும் காலியாயிற்று. ஓரத்தில் நான் இருந்தேன்.