மடியில் இருந்த தண்ணீர் பாட்டில்

திருத்தணி ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கும் என்னைப் போலவே சிசேரியன். அவளுக்குத் துணைக்கு இருந்த மாமியார் அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டுபவர்; விரலெல்லாம் நூல்சாயம். தாய்ப்பால் ஊறுவதற்கு மருமகளுக்கு மூலிகைப் பொடியைத் தேனில் குழைத்துக் கொடுப்பார். தண்ணீர் பாட்டிலை மட்டும் தன் மடியிலேயே வைத்து, மூடியை இறுக்கிக்கொண்டே இருப்பார்.

மருமகளின் உதடு தாகத்தில் வெடித்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டாக்டரே குடிக்கச் சொல்லிட்டாங்க. தண்ணி குடுங்கம்மா!"

"குடுத்தா தையல் சீழ் வச்சிக்கும். எனக்கும் ஆபரேஷன்தான். நாக்கு வறண்டுகினு கெடந்தேன், எங்க மாமியா ஒரு சொட்டு குடுக்கல."

"உங்களுக்குப் பால் வந்துச்சா?"

"எங்க வந்துச்சி? அதுக்குத்தான் இவளுக்குப் பொடி வாங்கியாந்தேன்" என்று மூடியை இன்னொரு திருகு திருகினார்.

திட்ட வாயெடுத்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இன்றும் கொதிக்கிறேன்.