துண்டுக்குள் இருந்த விலை

நான் பள்ளிக்கூடத்துக்குப் போனது ஒரே ஒரு நாள். அன்றைக்கு வாத்தியார் வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. எவனடா ஓடிப் பிடிப்பான் என்று கேட்டார். பிடித்துக்கொண்டு வந்து கட்டினேன். கட்டிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். என்னைப் பிடித்து வர ஆள் அனுப்ப அவருக்குத் தோன்றவில்லை. ஆக, என் படிப்பு முடிந்ததும் என் தொழில் தொடங்கியதும் ஒரே நாளில்தான்.

இதை நான் வாயால் சொல்ல, என் மருமகள் எழுதுகிறாள். நான் அழுக்காகச் சொல்வதை வெளுத்து, இஸ்திரி போட்டு எழுதுகிறாள். என் மச்சானைப் பற்றி நான் சொன்ன சில வார்த்தைகளை எழுத முடியாது என்று சொல்லிவிட்டாள். அந்த இடங்களில் படிக்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஆட்டு யாவாரி. குன்றக்குடிப் பக்கமும் நாட்டரசன்கோட்டைப் பக்கமும் கிடை போட்டு ஆடு மேய்க்கிறவர்களிடம் வாங்கி, காரைக்குடியில் விற்பேன். சந்தையில் நாங்கள் விலையை வாயால் பேச மாட்டோம். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து, என் கையையும் விற்கிறவர் கையையும் சேர்த்து மூடிக்கொள்வோம். உள்ளே விரல்கள் பேசும். இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை ரூபாய். வெளியே வாய் மட்டும் மழை பெய்யாததைப் பற்றியும் யாருடைய மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். படிந்தால் கையை ஓர் அழுத்து அழுத்துவோம். படியாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவோம்.

அந்த விலை அந்த இரண்டு கைகளுக்குத்தான் தெரியும். பக்கத்தில் நிற்கிறவன் கேட்கக் கூடாது. கேட்டாலும் சொல்லக் கூடாது. பெரிய வீட்டு ஆச்சிமார், கத்தரிக்காய்க்கே அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள், அவர்கள்கூட என்னிடம் "நீ எம்புட்டுக்கு வாங்குன?" என்று கேட்டதில்லை.

இதில் திருட்டு ஒன்றும் இல்லை. அவசரத்தில் விற்கிறவர் ஒரு ரூபாய் குறைத்துத் தருவார். புல்லும் தண்ணீரும் உள்ளவர் ஒரு ரூபாய் ஏற்றிப் பிடிப்பார். புருஷன் செத்துப்போய் மூன்று பிள்ளைகளோடு கிடை வைத்திருந்த ஓர் அம்மா இருந்தார்கள். அவர்களுக்காக அவர்கள் கொழுந்தன் வந்து துண்டுக்குள் கையை விடுவார். அவர் கேட்காமலே நான் இரண்டு ரூபாய் கூடப் பிடிப்பேன். இதையெல்லாம் வெளியே சொன்னால் மறுநாள் யாரோடும் யாவாரம் செய்ய முடியாது.

பாகிஸ்தான் சண்டை முடிந்த மறுவருஷம், ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுதளத்தில் பட்டாளம் வந்து கூடாரம் போட்டது. பயிற்சி முகாம் என்றார்கள். இத்தனை பேருக்கும் கறி வேண்டுமே. ஆடு தர ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானும் என் மச்சானும் போனோம். மச்சான் என்றால் என் பெண்டாட்டியின் அண்ணன். எட்டாவது வரை படித்தவர். சட்டைப் பையில் பேனா குத்தியிருப்பார். மை இருக்கிறதோ இல்லையோ, பேனா இருக்கும். எனக்கு முதல் போதவில்லை என்று பாதி முதல் அவர் போட்டார். லாபமும் நட்டமும் ஆளுக்குப் பாதி.

கறி வாங்கும் பொறுப்பில் இருந்த சுபேதார் வேலூர்ப் பக்கத்து ஆள். எங்களை நிற்கவைத்தே சொன்னார்.

"ரெண்டு வழி இருக்குய்யா. ஒண்ணு, சந்தை விலை. ஆட்டுக்கு நாப்பது ரூபா. நீ எங்க வாங்கினே, எவ்வளவுக்கு வாங்கினே, நாங்க கேக்க மாட்டோம். விலை ஏறினாலும் அதே நாப்பதுக்குத் தரணும். வழியில ஆடு செத்தா உன் தலையில. இன்னொண்ணு, அடக்க விலை. வாங்கின விலை, தீவனம், ஓட்டிட்டு வர்ற கூலி, எல்லாத்தையும் எங்களுக்குக் காட்டணும். அந்தச் செலவுக்கு மேல நூத்துக்குப் பத்து லாபம் போட்டுத் தருவோம். உனக்கு நஷ்டமே வராது."

மச்சான் என் விலாவில் இடித்தார். "ரெண்டாவதச் சொல்லுங்க மாப்ளே. நட்டமே இல்லையாம்ல."

"வாங்குன வெலையக் காட்டணுமாமே மச்சான். வேட்டிய அவுத்துக் காட்டச் சொன்னாலும் காட்டிப்புடுவேன். அத எப்புடிக் காட்டுறது?"

சுபேதாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. "ஐயா, ஒரு சந்தேகம். செலவு கூடக் கூட லாபமும் கூடுமா?"

"ஆமா."

"அப்ப ஆட்டுக்கு இட்டிலியும் சட்டினியும் வச்சா எனக்கு நல்லதாய்யா?"

"அதுக்குத்தான்யா கணக்குக் கேக்கறோம். நீ என்ன சொல்றே, நாப்பதா?"

நாற்பது என்று கைநாட்டு வைத்தேன். மச்சான் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த நூற்றுக்குப் பத்தை விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

கைநாட்டு வைத்த நேரமோ என்னமோ, மழை கொட்டியது. எங்கே பார்த்தாலும் புல். எவனும் ஆட்டை விற்கவில்லை. அதோடு தீபாவளியும் வந்தது. நாற்பத்திரண்டுக்கும் நாற்பத்திமூன்றுக்கும் வாங்கி நாற்பதுக்குக் கொடுத்தேன். ஓட்டிக்கொண்டு போகிற கூலி மிச்சம் என்று நானே முன்னால் நடந்தேன். முகாம் வாசலில் நிற்கிற சிப்பாய் ஆடுகளை எண்ணும்போது என்னையும் சேர்த்து எண்ணிவிடுவான். அந்த ஒரு ஆடாவது லாபம் என்று நினைத்துக்கொள்வேன். பெண்டாட்டியின் தோடு அடகுக் கடைக்குப் போனது. முகாமில் ஒருவரும் என்னைக் கூப்பிட்டு, என்னப்பா, கட்டுபடியாகிறதா என்று கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. பேச்சு பேச்சுதான்.

பிறகு வெயில் வந்தது. கண்மாய் வற்றி, கிடைக்காரர்கள் ஆட்டை விற்க என்னைத் தேடி வந்தார்கள். இருபத்தெட்டு, முப்பது என்று துண்டுக்குள் படிந்தது. அந்த அம்மாவுக்கு முப்பத்திரண்டு. தோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது. சாயங்காலம் ஆடுகளுக்குப் பின்னால் நடந்து வரும்போது மச்சான் கேட்பார், இன்றைக்கு யாரிடம் எவ்வளவுக்கு என்று. பாதிப் பங்குக்காரர், கேட்க உரிமை இருக்கிறது. கட்டின பெண்டாட்டிக்குச் சொல்லாததைப் பெண்டாட்டியின் அண்ணனுக்குச் சொன்னேன். எட்டாவது படித்த தலை. ஒன்றையும் மறக்கவில்லை.

ஒரு நாள் காலையில் முகாமிலிருந்து ஆள் வந்தது. எனக்கு ஆடு விற்கிற கிடைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். எல்லாருக்கும் ஏதோ பரிசு தரப்போகிறார்கள் என்று நினைத்தேன். வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனேன். உள்ளே ஒரு புளியமரத்தடியில் மேஜை போட்டிருந்தது. புதிதாக வந்த இளவயது ஆபீசர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் சுபேதார். அந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் என் மச்சான். எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். கையில் டீ கிளாஸ்.

சுபேதார் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உன் பங்காளி எல்லாத்தையும் சொல்லிட்டாருய்யா. முப்பதுக்கும் அதுக்குக் கீழயும் வாங்கி எங்களுக்கு நாப்பதுக்குத் தர்றே. ரொம்ப அதிகம்னு ஐயா சொல்றாரு. இனிமே அடக்க விலைதான். அவர் சொன்னது சரியான்னு விசாரிக்கத்தான் இவங்களையும் கூப்பிட்டோம்."

"ஐயா, நாப்பத்திமூணுக்கு வாங்கி நாப்பதுக்குக் குடுத்தேனே, அப்ப ஏன்யா கூப்புடல? டீயாச்சும் குடுத்திருக்கலாம்ல?"

சுபேதார் இதை ஆபீசருக்கு மொழிபெயர்க்கவில்லை. மச்சானைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மச்சான் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஆரம்பித்தார். இன்னாருக்கு இருபத்தெட்டு. இன்னாருக்கு முப்பது. இன்னாருக்கு இருபத்தொன்பது. ஒவ்வொரு விலைக்கும் சுபேதார் அந்த ஆளைப் பார்த்து "சரியா?" என்றார். அவர்களும் பட்டாளத்துக்குப் பயந்து "சரிங்க" என்றார்கள். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு இருவத்தெட்டு, அவனுக்கு முப்பதா?" என்றார் என்னிடம் ரொம்ப நாளாக விற்றுவந்த ஒரு பெரியவர். "ஒரே மேச்சலு, ஒரே தண்ணி. எங்க ஆடு மட்டும் என்ன, காலு கொறச்சலா?"

மச்சான் நிறுத்தவில்லை. அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி முப்பத்திரண்டு என்றார்.

கூட்டத்தில் ஒருத்தன் சத்தமாகவே சொன்னான். "அங்குட்டு மட்டும் ரெண்டு ரூவா கூடவா? ஆட்டுக்கா குடுத்தீக அண்ணே?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்த அம்மாவின் கொழுந்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். எழவு வீட்டிலும் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கிற வாய் என்னுடையது. அன்றைக்கு அது திறக்கவில்லை. மச்சானைப் பார்த்தேன். அவர் தூரத்தில் கட்டியிருந்த ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எது நோய் ஆடு, எது நல்ல ஆடு என்றுகூட அவருக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏன் மச்சான்?"

"அடக்க வெலன்னா கணக்கு எழுதணும்ல மாப்ளே. ஒங்களுக்கு எழுதத் தெரியாது. அதான் ஒப்பந்தத்த எம்பேருக்கு மாத்திக்கிட்டாக. நா என்ன செய்ய?"

"அதக் கேக்கல. வெலைய ஏன் சொன்னீக?"

"கேட்டாக, சொன்னேன். ஒண்ணாச்சும் பொய்யா? சொல்லுங்க பாப்போம்."

ஒன்றும் பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்து நாலு கேட்டிருப்பேன்.

அடுத்த சந்தையில் துண்டை எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவரிடம்தான் முதலில் போனேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாயாலயே கேளுங்க அப்பு. எப்புடியும் நாளைக்கு ஊருக்கே தெரியத்தான போகுது."

அடுத்த ஆளும் கையைத் தரவில்லை. அதற்கடுத்த ஆள் என்னைக் கண்டதும் பீடி பற்றவைக்க இரண்டு கையும் வேண்டும் என்பது போல நடித்தான். எல்லாரும் முப்பத்திரண்டு என்றே சொன்னார்கள், சந்தைக்கே கேட்கிற மாதிரி. கொழுந்தன் என்னைப் பார்த்ததும் ஆடுகளை வேறு பக்கம் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வெறும் துண்டோடு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் வேறு சந்தை நடந்தது.

"அவளுக்கு மட்டும் ஏன் ரெண்டு ரூவா?" என்றாள் என் பெண்டாட்டி.

"மூணு பிள்ளைக இருக்கு."

"அது எல்லாருக்குந்தேன் இருக்கு. நமக்கும் இருக்கு."

அதோடு பேச்சு நின்றுபோனது. சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

மச்சான் சந்தையில் துண்டும் போடவில்லை, பேரமும் பேசவில்லை. எல்லாருக்கும் முப்பத்திரண்டு என்று உரக்கச் சொல்லி வாங்கினார். செலவு கூடினால் அவருக்குப் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது, ஏன் பேசப்போகிறார்? ஆட்டுக்குக் கடலைப் புண்ணாக்கு வைத்தார். நான் ஒருவன் ஓட்டிப்போன இடத்துக்கு மூன்று ஆள் போட்டார். கிடைக்காரர்கள், படித்தவர் என்றால் படித்தவர்தான், எவ்வளவு நேர்மை என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு நாள் சாகக்கிடந்த ஆடு நாலை வாங்கிக்கொண்டு போனார். முகாம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு என்னைத் தேடி வந்தார்.

"ஆடு பாத்துத் தர ஒரு ஆளு வேணும் மாப்ளே. ஒங்களவிட யாரு இருக்கா? நாளுக்கு எம்புட்டுக் கூலி வேணும்?"

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் சந்தையில் என் கையைத் தொட ஆள் இல்லை. "ரெண்டு ரூவா" என்றேன்.

"என்ன மாப்ளே, இம்புட்டுக் கொறச்சுக் கேக்குறீக? கூடக் கேளுங்க."

"மூணு?"

"அஞ்சு வாங்கிக்கங்க. ஒங்க அஞ்சுல எனக்கு அம்பது காசு வருதுல்ல."

மறைக்கக்கூட இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். என் வாழ்நாளில் கூடக் கேள், கூடக் கேள் என்று என்னைக் கெஞ்சின ஒரே ஆள் அவர்தான். புண்ணாக்குக்கு அடுத்தபடியாக நானும் ஒரு செலவாக முகாமுக்குள் போனேன்.

வாசலில் சுபேதார் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டார் போலிருந்தது.

"ஐயா, இப்ப ஆடு ஒண்ணு ஒங்களுக்கு எம்புட்டுக்கு வந்து விழுகுது?"

"நாப்பத்திநாலு."

"நா நாப்பதுக்குத்தான குடுத்தேன்?"

"ஆமாய்யா. ஆனா இப்ப கணக்கு சரியா இருக்கு."

அன்று சாயங்காலம் ஐந்து ரூபாயைக் கொண்டுபோய்ப் பெண்டாட்டி கையில் கொடுத்தேன். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பல நாளைக்கப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எம்புட்டுக் கேட்டீக?"

"ரெண்டு."

"அஞ்சு குடுத்திருக்காக பாருங்க! அதாங்க எங்கண்ணன். தங்கச்சி வீட்டுல அடுப்பெரியணுமேன்னு அந்த மனசு நெனைக்குதுல்ல? அவுகளப் போயி அன்னைக்கு என்னென்ன பேசுனீக."

ஐம்பது காசைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் நோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, சிரித்த முகத்தோடு எனக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கருவாட்டுக் குழம்பு மணத்தது.

"ஆமா, பாசக்காரருதான்" என்றேன். "கொழம்ப ஊத்து."