சிந்தாமணியின் தழும்பு

ஜெயங்கொண்டத்தில் ஒரு தொண்டு நிறுவனம் இருந்தது. மனநோய் கண்டவர்களைக் கட்டிப்போடாமல் வைத்தியம் பார்க்க வைப்பது அதன் வேலை. வெளிநாட்டு நிதியில் ஓடியது. நிதி கொடுக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை பார்க்க வருவார்கள். அவர்கள் முன்னால் எழுந்து பேசுகிறவள் சிந்தாமணிதான். வேறு யாராவது வாயைத் திறந்தால் அவளுக்கு ஆகாது.

பேச அவளிடம் சங்கதியும் இருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கத்துக்காரி. பெற்ற பிள்ளை செத்த துக்கத்தில் புத்தி பேதலித்தது. புருஷன் அவளை அவள் பிறந்த வீட்டில் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனான். அண்ணன் முந்திரிக்காட்டுக் கொட்டகையில் காலுக்குச் சங்கிலி போட்டுக் கட்டிவைத்தான், மூன்று வருஷம். நிறுவனத்தை நடத்தும் நடராசன் கேள்விப்பட்டு வந்து, அண்ணனோடு மல்லுக்கு நின்று அவிழ்த்துவிட்டார். திருச்சிக்குக் கூட்டிப்போய் மருந்து வாங்கித் தந்தார். தெளிந்துவிட்டாள். இப்போது முந்திரிக்கொட்டை உடைத்துத் தன் சோற்றைத் தானே தின்கிறாள்.

ஊரில் நல்லது கெட்டதுக்கு அவளை ஒருவரும் அழைப்பதில்லை. அந்த ஒரு நாள் மட்டும் அவளுக்கு மைக் உண்டு, முன்வரிசை நாற்காலி உண்டு. கதையைச் சொல்லி முடித்து, புடவைக் கரையைத் தூக்கிக் கணுக்கால் தழும்பைக் காட்டுவாள். வந்தவர்கள் 'பாவம்' என்பார்கள், போட்டோ எடுப்பார்கள். நிதியும் வந்துவிடும். தன் தழும்புதான் இத்தனை பேருக்கும் சம்பளம் போடுகிறது என்று அவள் நினைத்ததில் தப்பே இல்லை.

2004-இல் திருமழபாடிப் பக்கமிருந்து குஞ்சம்மாள் வந்து சேர்ந்தாள். சின்ன வயசு. அவளையும் புருஷன் வீட்டில் கட்டித்தான் வைத்திருந்தார்கள்.

"ஏம்மா சிந்தாமணி, இந்தத் தடவ குஞ்சம்மா பேசட்டுமே. ஒங் கதைய அவங்க எல்லாரும் கேட்டுட்டாங்க" என்றார் நடராசன்.

சிந்தாமணிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. "அவள எம்புட்டு நாளு கட்டியிருந்தாங்களாம்?"

"எட்டு மாசம்."

"எட்டே மாசந்தானா! நான் மூணு வருசம் கெடந்தவ சார். அவ நேத்து மொளச்ச காளான்!"

சங்கிலியில் கூடவா மூத்தவள் இளையவள் என்று கேட்காதீர்கள். சிந்தாமணிக்கு உண்டு.

நிதி கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் சென்னை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் கேமராவோடு வந்தார். குஞ்சம்மாள் பேசினாள். குரலே எழும்பவில்லை. அழ வேண்டிய இடத்தில் அழத் தெரியவில்லை. இதுக்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று சிந்தாமணி உதட்டைச் சுழித்தாள். ஆனால் கூட்டம் மூக்கை உறிஞ்சியது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அந்தத் தழும்பைக் கொஞ்சம் காட்டுறீங்களா?" என்று அம்மாள் கேமராவைத் தூக்கினார்.

குஞ்சம்மாள் புடவையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். "மாட்டேங்க. சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். கால எதுக்குக் காட்டணும்?"

நடராசனுக்கு முகம் வெளுத்தது. சிந்தாமணிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தொலைந்தாள் இவள்.

அந்த அம்மாளோ கேமராவைக் கீழே வைத்தார். "நான் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்கம்மா" என்றார்.

மன்னிப்பு! அதுவும் குஞ்சம்மாளிடம்! இத்தனை வருஷமாகக் காலைக் காட்டியவளிடம் 'பாவம்' என்று சொல்ல ஆள் இருந்தது; மன்னிப்புக் கேட்க ஒரு நாதி இல்லை. காட்ட மாட்டேன் என்று சொல்லலாம் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. இதுவரை எரிந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அப்படி எரிந்தது.

நிதி கைநழுவிவிடுமோ என்று பதறிப்போன நடராசன் அவள் பக்கம் திரும்பினார். "சிந்தாமணி, நீ வாம்மா. நீ காட்டு."

ஒரு மாதமாக அவள் ஏங்கிக் கிடந்தது இந்த அழைப்புக்குத்தான். எழுந்துபோய் மைக்கைப் பிடித்தாள். பழக்கத்தில் கை புடவைக் கரைக்குப் போனது. குஞ்சம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவளுக்கு மட்டுந்தான் மானமா? எனக்கு இல்லியா? நானும் காட்ட மாட்டேங்க!"

சொல்லிவிட்டுப் புடவையைக் கீழே இழுத்துவிட்டாள், குஞ்சம்மாளுடையதைவிட நாலு விரல்கடை கீழே.