மலையிலிருந்து நான் பொறுக்கி வந்த குப்பை

இதை றக்வான பக்கத்து ஆட்கள் யாருக்கும் தயவுசெய்து காட்டாதீர்கள். காட்டில் கூடாரம் போட்டுத் தங்க நினைப்பவர்களுக்காக மட்டும்தான் எழுதுகிறேன். அண்ணன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரின் வெளிச்சம் வெளியே தெரியாதபடி கம்பளியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் அம்மா தூங்குகிறாள்.

இது 2008 ஆகஸ்ட் விடுமுறை. கொழும்பில் கடையில் வேலை செய்த அண்ணனைப் பொலிஸ் விசாரிக்கக் கூட்டிப்போய் மூன்று வாரமாகிறது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. சித்தப்பாதான் அம்மாவிடம் வந்து கேட்டார்: "புள்ள சுருண்டு கெடக்குறா அண்ணி. ஒரு ராத்திரி மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்." மலையேற வருகிறவர்களுக்குச் சுமை தூக்குவது அவர் தொழில். கூடாரம் அவரிடமே இருக்கிறது.

தோட்டத்துச் சந்தியில் சனிக்கிழமை காலை 7.10 பஸ். ஆளுக்கு இருபது ரூபாய். தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் கடைசி லயத்தில் இறங்கி நாலு கிலோமீட்டர் ஏற வேண்டும். மூட்டையைப் பார்த்த கண்டக்டர், "வீட்டையே தூக்கிட்டு எங்க நங்கி போறீங்க?" என்று சிரித்தார்; நங்கி என்றால் தங்கச்சி. மேலே என்றதும் சிரிப்பு நின்றது. "ராட்ட இன்ன எப்பா" என்றார். ராத்திரி தங்காதே என்று சிங்களத்தில் சொல்கிறார்.

சாமான் விஷயத்தில் சித்தப்பா கண்டிப்பானவர். கூடாரம் மங்கிய பச்சை நிறம்; சிவப்பு, மஞ்சள் என்றால் மிருகம் மிரளும் என்பார். விறகு வெட்டக் கூடாது, சின்ன மண்ணெண்ணெய் அடுப்பு போதும். சோறு வாழை இலையில், பொலித்தீன் லஞ்ச் ஷீட்டில் இல்லை. அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசலாம், அந்தக் காலை ஓடையில் கழுவக் கூடாது. "நாம வந்துட்டுப் போனது அந்தப் புல்லுக்கே தெரியக் கூடாதுடி." காட்டு வாசலில் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து மரத்தில் தொங்கவிட்டுக் கும்பிட்டார். அது மட்டும் எதற்கு என்றேன். "அது வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிட்டுப் போறது."

ராத்திரி கூடாரத்தைச் சுற்றி யாரோ நடந்தார்கள். அவசரமில்லாமல், தேடுகிற நடை. டார்ச்சை எடுத்தேன். சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "பாக்காத. படு." விடிந்து பார்த்தால் ஈரப் புல்லில் ஒரு மடிப்புக்கூட இல்லை.

சித்தப்பா தண்ணீருக்குப் போன நேரத்தில் நான் சுத்தம் செய்தேன். சற்றுத் தள்ளி ஒரு கறுத்த கல். அதைச் சுற்றிக் கற்பூர உறைகள், சிரட்டைகள், மழையில் ஊறி மண் அப்பிய கந்தல்கள். பனிமூட்டத்தில் எல்லாமே குப்பையாகத்தான் தெரிந்தது. முன்னால் வந்தவர்கள் விட்டது என்று அத்தனையையும் பைக்குள் வாரிப் போட்டேன்.

இறங்கும்போது, "என்னடி, பை இந்தக் கனம் கனக்குது?" என்றார். "குப்பை சித்தப்பா." "நல்ல புள்ள." பின்னால் மூன்றாவது ஆள் நடக்கும் சத்தம் வந்தது. நாங்கள் நின்றால் ஓர் அடி தாமதித்து அதுவும் நின்றது. சித்தப்பா திரும்பவே இல்லை.

வீட்டில் பொலித்தீனைப் பிரிப்பதற்காகப் பையைக் கொட்டினேன். கந்தல்களை அலசியதும் மஞ்சள் நிறம் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு காசு முடிந்திருந்தது. எல்லாம் அந்தக் கல்லில் இருக்கும் காவல் தெய்வம் முனியாண்டிக்கு முடிந்து வைத்த நேர்த்திகள். ஒன்று மட்டும் நீலக் கட்டம் போட்ட துணி. அண்ணனின் சட்டை. போன வெள்ளிக்கிழமை அம்மா அதன் ஓரத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு தனியாக எங்கோ போய்வந்தாள்.

அவன் திரும்பி வருவதற்காக அம்மா முடிந்து வைத்ததை நான் வாரிக்கொண்டு வந்துவிட்டேன். எப்படிச் சொல்வேன்?

அள்ளித் திரும்பப் பையில் போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். மூன்று ராத்திரியாகக் காற்றே இல்லாமல் காசுகள் கிலுங்குகின்றன.

போகிறவர்களே, நீங்கள் கொண்டுபோனதை ஒன்று விடாமல் திருப்பிக் கொண்டு வாருங்கள். நீங்கள் கொண்டுபோகாததைத் தொடாதீர்கள். பழசாக, அழுக்காக இருப்பதால் மட்டும் ஒன்று குப்பையாகிவிடாது. அந்த இடத்து ஆளிடம் கேளுங்கள். சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நாளை 7.10 பஸ்ஸில் நானே போய் எல்லாவற்றையும் அந்தக் கல்லடியில்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அம்மா எழும்பிவிட்டாள். "ராசா, நீயாடா?" என்கிறாள். மறுபடியும் தட்டுகிறார்கள், அவசரமில்லாமல். பையிலிருந்து வந்த காசுச் சத்தம் நின்றுவிட்டது. அம்மா கதவுக் கொண்டியை