இடுப்பளவுத் தண்ணீர்

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, நாங்கள் வலை போட்ட பக்கம், ஏரியில் இடுப்பளவுத் தண்ணீர்தான். மழைக்காலத்திலும் மார்புக்கு மேல் ஏறாது. வலை எதிலாவது சிக்கினால் படகிலிருந்து இறங்கி எடுத்துவிட்டு ஏறிக்கொள்வோம். எங்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. தேவைப்படவில்லை.

இறால் படாத ஒரு வருஷம், பதினாறு வயதில், முதல்முறையாக ஊரைவிட்டுக் கிளம்பினேன். காசிமேட்டில் விசைப்படகில் வேலை. துணைக்கு அத்தை மகன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். ஸ்டேஷனுக்கு வந்த அத்தை, "ஒண்ணா போறீங்க, ஒண்ணா வரணும்" என்றாள்.

ரயிலில் அவன் சிரித்தான். "கடலும் தண்ணிதான மச்சான், உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும், அவ்ளோதான்."

முதல் நாள் கடலில் இருவரும் ஓயாமல் வாந்தி எடுத்தோம். "இன்னாடா ஏரிப் பசங்களா, மீனுக்குச் சோறு போடவா வந்தீங்க?" என்றார் படகை ஓட்டிய டிரைவர். மறுநாள் விடியலில் வலைக்கயிறு படகின் பின்பக்கம் சிக்கியது. டிரைவர் எஞ்சினை நிறுத்தி, "இன்னான்னு பாருடா" என்று குரல் கொடுத்தார். தூக்கக் கலக்கத்தில் எழுந்த அத்தை மகன், லுங்கி நனையாதபடி தொடைக்கு மேலே மடித்துக் கட்டினான். விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நீட்டினான். குதிக்கவில்லை. ஊரில் இறங்குவதுபோலவே இறங்கி, கால் தரையைத் தொட்டுவிடும் என்று கையை விட்டான்.

டிரைவரும் இன்னொருவரும் உடனே குதித்தார்கள். நீரோட்டம் வேகமாக இருந்தது. அக்கம்பக்கத்துப் படகுகளும் வந்து பொழுது சாயும்வரை தேடின. அவன் கிடைக்கவில்லை. நான் விளிம்பைப் பற்றியபடி நின்றிருந்தேன்.

டிரைவர் என்னோடு ஊருக்கு வந்தார். அத்தை ஏரியில் குனிந்து, கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். கரையில் எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். டிரைவர் கரையைவிட்டு இறங்கவில்லை. நான்தான் தண்ணீரில் நடந்து போய்ச் சொன்னேன்.

அவள் அழவில்லை. எரிச்சலோடு கேட்டாள்:

"வுழுந்தா எழுந்து நிக்க வேண்டியதுதான? அதுகூடவா தெரியாது அவனுக்கு?"

"ஆழம் அத்தை."

"எவ்ளோ ஆழம்?"

கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். இன்னும் எக்கித் தூக்கினேன். அதற்கு மேல் என் கை எட்டவில்லை.